நன்றிப் பக்கத்தில் ஒரு முனிராஜ்

அச்சகத்திலிருந்து ஆட்டோவில் வந்த புத்தகக் கட்டை வீட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டு, சுவாதி உடனே அதைப் பிரிக்கவில்லை. பாயை விரித்தாள். கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். அது போதாதென்று குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். சோற்றில் கைவைக்கும்போதுகூட இப்படிக் கழுவாத பெண் என்று அம்மா நாராயணம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கயிற்றை அறுத்ததும் சுவாதி மேலே இருந்த புத்தகத்தை எடுத்து, நடுவில் விரித்து, மூக்கை உள்ளே விட்டு ஓர் இழுப்பு இழுத்தாள்.

"இன்னாடி அது, சாம்பாரா? மோந்து பாத்துகினு இருக்கற."

"மை வாசனைமா. நீயும் பாரேன்."

நாராயணம்மா மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது," என்றாள்.

அட்டையில் சிவப்பு எழுத்தில் 'டி.என். 70' என்று இருந்தது. ஓசூரில் பதிவாகிற எந்த வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்தாலும் அப்படித்தான் தொடங்கும். ஓசூர்ப் பெண் போடுகிற கார்ப் பத்திரிகைக்கு இதைவிட நல்ல பெயர் எங்கே கிடைக்கும் என்று அடம்பிடித்து அவள் வைத்த பெயர். கீழே மலைக்கோயில் ரோட்டு வளைவில், காலை வெயிலில், ஒரு பழைய வெள்ளை மாருதி நின்றது. அதற்கு நம்பர் பலகையே இல்லை. காரணம், அது கர்நாடகப் பதிவு வண்டி. டி.என். 70 என்று பேர் வைத்துவிட்டு அட்டையில் கே.ஏ. வண்டியை நிறுத்தினால் ஊர் சிரிக்காதா? வண்டிக்காரரே ஸ்பேனரை எடுத்துப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, "இப்ப எடு" என்றார். எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இதெல்லாம் சகஜம்.

சுவாதி படித்தது விஸ்காம், கடைசி வருடம். ஆளாளுக்கு ஒரு புராஜெக்ட் செய்தாக வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் குறும்படம் எடுத்தார்கள், மீதிப் பேர் கல்யாண ஆல்பம் போட்டார்கள். இவள் கார்ப் பத்திரிகை என்று சொன்னதும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஸ்கூட்டியே ஒழுங்காக ஓட்டத் தெரியாதவள் காரைப் பற்றி எழுதப் போகிறாளாம்! அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்கள் குடியிருக்கும் மூக்கண்டப்பள்ளியில் சொந்தமாகக் கார் வைத்திருக்கிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்; ஆனால் காரைச் செய்கிறவர்கள் வாசலுக்கு வாசல் இருந்தார்கள். ஒரு வீட்டில் பிரேக் செய்கிறவர், பக்கத்து வீட்டில் கண்ணாடி பொருத்துகிறவர், மாடியில் சீட்டுக்கு உறை தைக்கிற பெண்கள். ஷிப்டு விட்டு வந்து தெருவில் உட்கார்ந்து பேசினால் ஒரு முழு வண்டி அங்கேயே தயாராகிவிடும். இவர்களைப் போடாத கார்ப் புத்தகம் என்ன கார்ப் புத்தகம் என்று அவளுக்குத் தோன்றியது. விலையும் மைலேஜும் போடுகிற புத்தகங்கள் போதுமான அளவு இருக்கின்றன. இவள் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதைச் செய்கிற கைகளைப் படமெடுத்து, அவர்கள் சொன்னதை அவர்கள் வாய்மொழியிலேயே போட்டாள். ஒரு செமஸ்டர் முழுக்க நாய் படாத பாடு பட்டாள். இப்போது அது பாயின் மேல் கட்டாகக் கிடந்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். அவர் பெயர் முனிராஜ். ஒரு கம்பெனியின் பஸ்ஸை ஓட்டுகிறார். ஷிப்டுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் விட்டு, முடித்தவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்குகிற வேலை. சுவாதியின் இந்தப் புத்தக வேலை ஆரம்பத்திலிருந்தே அவருக்குப் பிடிக்கவில்லை. "நான் வண்டியோட மாரடிக்கறது போதாதா, நீ வேற எதுக்கு? பேங்க் பரிட்சைக்குப் படின்னா கேமராவத் தூக்கிகினு ஷெட்டு ஷெட்டா சுத்தற," என்றார். அவருடைய பஸ்ஸில் ஒரே ஒரு நடை கூட வருகிறேன், நாலு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் கெஞ்சியபோதும் மசியவில்லை. கம்பெனி வண்டி, நாளைக்கு எவனாவது கேட்டால் யார் பதில் சொல்வது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். அவள் அழுதுவிட்டு, பஸ் டிரைவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பக்கத்தில் ஆக்சில் படத்தைப் போட்டு நிரப்பினாள். அதற்குப் பிறகு அப்பனும் மகளும் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அன்றைக்கு அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தார். கட்டைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார். புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டுகிற பழக்கம் அவருக்கு. செய்தித்தாளையும் அப்படித்தான் பார்ப்பார். ஆகவே முதலில் விரிந்தது கடைசிப் பக்கம். அங்கே 'நன்றி' என்று தலைப்புப் போட்டு, கீழே பேர்கள் இருந்தன. விரலை வைத்து ஒவ்வொன்றாக உதட்டசைத்துப் படித்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"முனிராஜ்," என்று சத்தமாகப் படித்தார்.

சுவாதி சட்டென்று நிமிர்ந்தாள்.

"பாப்பா," என்றார் அவர். குரல் கம்மியது. "நான் இதுக்கு ஒண்ணுமே செய்யலியேம்மா. கேட்டதுக்குக்கூட முடியாதுன்னுட்டேன். அப்பிடியும் என் பேரப் போட்டிருக்கற."

அந்த முனிராஜ் அவர் இல்லை. அது டிங்கரிங் ஷெட் முனிராஜ். சிப்காட் ரோட்டோரத்தில் அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்தி பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறவர். அட்டையில் நிற்கிற வெள்ளை மாருதி அவருடையது. காயலான் கடைக்குப் போக இருந்ததை வாங்கி அவரே கட்டி எழுப்பிய வண்டி. படமெடுக்கக் கேட்டதும் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டையே மூடிவிட்டு, வண்டிக்குப் பாலீஷ் போட்டு, மலைக்கோயில் ரோட்டில் பொழுது விடிவதற்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர். ஒரு கதவைப் பிரித்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டினார். வெயில் மாறும்போதெல்லாம் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திக் கொடுத்தார். ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டின் நடுவில் நின்று 'முனிராஜ்' என்று கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். திரும்பிப் பார்க்கிறவர்களை ஏற்றினாலே ஒரு பஸ் நிறைந்துவிடும். முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டு பிள்ளை பெறாத குடும்பம் இந்தப் பக்கத்தில் ஏது? அதனால்தான் ஊரில் யாரும் வெறும் முனிராஜ் என்று சொல்வதில்லை. ஷெட் முனிராஜ், பஸ் முனிராஜ், பால் முனிராஜ் என்றுதான் பேச்சு. சுவாதியும் 'டிங்கரிங் ஷெட் முனிராஜ் அண்ணன்' என்றுதான் எழுதியிருந்தாள். அவளுடைய புராஜெக்ட் கைடு ஜோதிமணி மேடத்துக்கு ஊர் சேலம் பக்கம். "அண்ணன், அக்கா, ஷெட்டு, இனிஷியல் எல்லாம் போட்டா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்மா. சுத்தமாப் பேரு மட்டும் போடு," என்று எல்லாவற்றையும் அடித்துவிட்டார். அட்டையிலும் மு. சுவாதி வெறும் சுவாதியானாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தன் அப்பாவும் ஒரு முனிராஜ் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை. அப்பாவை யார் பேர் சொல்லி நினைக்கிறார்கள்?

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"அப்பான்னு போடாம முனிராஜ்னு போட்டிருக்கறா பாரு, மத்தவங்கள போடற மாதிரியே," என்றார் அவர் நாராயணம்மாவிடம், அது ஒரு பெரிய கௌரவம் என்பதைப் போல.

மறுநாள் அவர் ஷிப்டுக்குப் போகும்போது கட்டிலிருந்து ஒரு கை நிறையப் புத்தகம் அள்ளிக்கொண்டு போனார். அன்றைக்குத் தொடங்கியது. பஸ்ஸில் முதலில் ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்து, இறங்கும்போது திரும்ப வாங்கி, அடுத்த நடைக்கு ஏறுகிறவர்களுக்குக் கொடுத்தார். முதலில் கடைசிப் பக்கத்தைத் திறந்து அந்தப் பேரைக் காட்டிவிட்டுத்தான் முதல் பக்கம். தெருவில் சுவாதியைப் பார்த்தவர்கள் எல்லாம் நின்று பேச ஆரம்பித்தார்கள். ஒயரிங் லைனில் வேலை செய்கிற மாதேஸ்வரி அக்கா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே, "உங்கப்பாவுக்குத் தல கால் புரியல போ. சிக்னல்ல நிக்கும்போதுகூட யாராச்சும் படிக்கறாங்களான்னு கண்ணாடில பாக்கறாரு," என்றாள். சுவாதி சிரித்து வைத்தாள்.

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் சொன்னார்: "காலைல என்னோட வா. உன்னப் பாக்கணும்னு பஸ்ல எல்லாரும் கேக்கறாங்க."

"கம்பெனி வண்டியாச்சேப்பா?"

"சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டேன். நீ கேமராவும் எடுத்துக்க."

கெஞ்சியபோது கிடைக்காத பயணம் வேறொருவர் பேரில் கிடைத்தது. எஞ்சின் பெட்டியின் மேல் துண்டை மடித்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். உட்கார்ந்த இடம் சுட்டது. மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்தில் டிபன் டப்பாவும் அடையாள அட்டையுமாகக் கூட்டம் ஏறியது. ஒவ்வொருவர் ஏறும்போதும் அவர் ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டே, "இதான் என் பொண்ணு," என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து வருகிற ஒருவர் புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்து, "சென்னாகிதே ம்மா, தும்ப சென்னாகிதே," என்று கன்னடத்தில் தலையை ஆட்டி ஆட்டிப் பாராட்டினார். மாதேஸ்வரி அக்கா நடு சீட்டிலிருந்து எழுந்து முன்னால் வந்தாள். அவள் கையில் ஒயரிங் பக்கம் விரிந்திருந்தது. காரின் உள்கூட்டைப் பிரித்து, அதில் ஒயர்க் கற்றை எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று காட்டுகிற படம்.

"இத்தினி வருசமா இதப் பின்னிப் பின்னி அனுப்பறோம் சுவாதி. கட்டிக் குடுத்தா லாரில போயிரும். வண்டிக்குள்ள எங்க போவுது, எதுக்குப் போவுதுன்னு ஒருத்தரும் காட்டல. இந்தப் படத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுகிட்டேன். லைட்டுக்கும் போவுது, ஹாரனுக்கும் போவுது, எல்லாம் நான் கட்டற முடிச்சு வழியாத்தான் போவுது. எம்மவங்கிட்டக் காட்டுனேன்."

சுவாதி அந்தப் பக்கத்தை விரலால் தடவினாள். மார்க் வரட்டும், வராமல் போகட்டும். இந்த ஒரு பேச்சுக்கு அவள் பட்ட பாடெல்லாம் தகும். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். கண்ணாடியில் அவர் முகம் முழுக்கப் பல்லாக இருந்தது.

பின்சீட்டிலிருந்து ஓர் இளவட்டம் வம்புக்கு இழுத்தான். "அண்ணே, நன்றி போட்டிருக்கறாங்களே, நீங்க இன்னா ஒதவி செஞ்சீங்க?"

"இன்னான்னு சொல்றது," என்றார் அப்பா கியரை மாற்றிக்கொண்டே. "வண்டியப் பத்தின விசயம்... எல்லாந்தான்."

சுவாதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மதியம் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நாராயணம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "அடிப்பாவி," என்று மட்டும் சொன்னாள். கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு, "உன் பேருக்கு முன்னாடி மு-ன்னு ஒரு எழுத்து விட்டு வெச்சிருந்தா உங்கப்பன் அதுல இருந்திருப்பான். இந்த வம்பே இல்ல," என்றாள்.

"இப்ப இன்னாமா செய்யறது?"

"சும்மா இரு. அந்த ஷெட்டுக்காரரு அது தன் பேருன்னு நெனைக்கட்டும். இவரு தன் பேருன்னு நெனைக்கட்டும். யாருக்கு நஷ்டம்?"

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் ஜோதிமணி மேடம் அதற்கும் வேட்டு வைத்தார். புத்தகம் நன்றாக வந்துவிட்ட சந்தோஷத்தில் கல்லூரியிலேயே வெளியீட்டு விழா வைத்துவிட்டார். உதவி செய்தவர்களை எல்லாம் வரச்சொல்ல வேண்டும். புத்தக ஆசிரியரே மேடையில் நின்று நன்றிப் பக்கத்தை வாசிப்பாள்; பேர் வாசிக்கப்பட்டவர் மேடைக்கு வர, முதல்வர் பொன்னாடை போர்த்தி ஒரு புத்தகம் கொடுப்பார். சுவாதி நேரில் போய் ஷெட் முனிராஜை அழைத்தாள். அவர் பெயிண்ட் தெளிக்கிற துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "என்னயா மேடைக்கு? நான் போட்டுக்கறதுக்கு நல்ல சட்டை எடுக்கணுமேம்மா," என்றார். வீட்டுக்கு வந்தால் அப்பா ஏற்கெனவே வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருந்தார். பஸ்ஸுக்கு மாற்று டிரைவரும் ஏற்பாடு பண்ணியாயிற்று.

விழாவுக்கு முந்தைய நாள் முழுக்க அவள் அப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது போய் நின்றாள், சோப்பு நுரையோடு, "இன்னா பாப்பா?" என்றார். ஒன்றுமில்லை என்றாள். செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றாள். அப்போதும் ஒன்றுமில்லை. சொல்கிற வார்த்தை ஒன்றுதான். ஆனால் அதைச் சொன்னால் அந்த வெள்ளைச் சட்டையை யார் போட்டுக்கொள்வது?

அரங்கில் முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும். மாதேஸ்வரி அக்கா லீவு போட்டுவிட்டுத் தன் லைன் பெண்களோடு வந்திருந்தாள். கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, புதுக் கட்டம் போட்ட சட்டையில் ஷெட் முனிராஜ் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளை மாருதியையும் கொண்டுவந்து வெளியே மைதானத்தில் நிறுத்தியிருந்தார். பையன்கள் அதைச் சூழ்ந்துகொண்டு வண்டியின் முன்விளக்கைப் போட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவாதி மைக் முன்னால் நின்றாள். ஒவ்வொரு பேராக வாசித்தாள். பிரேக் லைன் ஆட்கள் வந்தார்கள். சீட் உறை தைக்கிற பெண்கள் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக்கொண்டு வந்தார்கள். மாதேஸ்வரி பேருக்கு விசில் பறந்தது. இவர்களையெல்லாம் இந்த மேடையில் ஏற்றியது நான்தான் என்ற நினைப்பில் அவளுக்கு நெஞ்சு விம்மியது.

அடுத்த பேர் வந்தது.

"முனிராஜ்," என்று வாசித்தாள்.

முன்வரிசையில் அப்பா எழுந்தார். கடைசி வரிசையில் ஷெட் முனிராஜ் எழுந்தார். அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிட்டார். முன்னால் ஒருவர் நடந்து போவதைப் பார்த்த மற்றவர் எழுந்த இடத்திலேயே நின்றார். கூப்பிட்டது தன்னை இல்லை போலிருக்கிறது என்று, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு, மெதுவாக உட்காரப் போனார்.

அதை மட்டும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டால் இந்தப் புத்தகம் முழுக்கப் பொய் என்று ஆகிவிடும். கைகளைப் படம் பிடித்து, பேர் போட்டு, இன்னார்தான் செய்தார் என்று சொல்வதற்காகத்தானே இதைப் போட்டாள்? அந்த இடத்திலேயே இன்னொருவர் நின்றால், அது பெற்ற அப்பாவாகவே இருந்தாலும், எப்படிச் சரியாகும்? அப்பா மேடைக்குப் பாதி தூரம் வந்திருந்தார். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். அவள் மைக்கைக் கிட்டே இழுத்தாள்.

"டிங்கரிங் ஷெட்..." என்றாள். குரல் உடைந்தது. மறுபடி சொன்னாள். "டிங்கரிங் ஷெட் முனிராஜ் அண்ணன்."

அப்பா நின்றார். முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. என்ன நடந்தது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு போனது. திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். அரங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய பஸ்ஸில் போகிறவர்கள். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாராயணம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார். வாசலைப் பார்த்து நடந்தார். போய்விட்டார், இனி ஜென்மத்துக்கும் என்னோடு பேசமாட்டார் என்று சுவாதி நினைத்தாள்.  கடைசி வரிசைக்குப் பக்கத்தில் அவர் நடை நின்றது. குனிந்து, ஷெட் முனிராஜின் கையைப் பிடித்தார்.

"வாங்க, வாங்க. உங்களத்தான் கூப்புட்றாங்க. இதுக்கு எதுக்கு வெக்கம்?"

முதலிலேயே இதற்காகத்தான் எழுந்தவர் மாதிரி, கல்யாண வீட்டில் சம்பந்தியைப் பந்திக்கு அழைத்து வருகிற மாதிரி, அந்த மனிதரைக் கைபிடித்து நடைபாதை முழுக்கக் கூட்டிக்கொண்டு வந்தார். மேடைப் படிவரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, கீழேயே நின்று, முதல் ஆளாகக் கைதட்டினார். பலமாகத் தட்டினார். மேடையில் பொன்னாடையோடு நின்ற ஷெட் முனிராஜுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சுவாதி அவரைப் பார்க்கவில்லை. கீழே நிற்கிற வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். எப்பேர்ப்பட்ட ஆள் என் அப்பா என்று அவளுக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

விழா முடிந்து வெளியே வந்தால் வெள்ளை மாருதி கிளம்ப மறுத்தது. பையன்கள் படமெடுப்பதற்காகப் போட்ட விளக்கை அணைக்காமலே போய்விட்டிருந்தார்கள். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. அட்டைப்பட நாயகனை அந்தக் கோலத்தில் பார்த்த ஷெட் முனிராஜுக்கு வெட்கம் தாங்கவில்லை. "தள்ளுனா எடுத்துரும்," என்று முனகினார். அப்பா இஸ்திரி போட்ட சட்டைக் கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். ஷெட் முனிராஜ் பொன்னாடையோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். சுவாதி ஓடிப்போய் அப்பாவுக்குப் பக்கத்தில் டிக்கியில் கைவைத்தாள்.

மைதானம் மேடும் பள்ளமுமாக இருந்தது. வண்டி அசைந்து கொடுக்கவே நேரம் பிடித்தது. இருவரும் தலையைக் குனிந்து தள்ளினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"மொதல்லயே தெரியுமா உனக்கு?" என்றார் அவர்.

"ம்."

"ஏன் சொல்லல?"

"அன்னிக்கு நீ அழுதுட்டப்பா. நீ அழுது நான் பாத்ததே இல்ல."

அவர் மூச்சு வாங்கத் தள்ளினார்.  வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றது. அவர் காலை அகட்டி ஊன்றி, தோளைக் கொடுத்தார்.

"பேரு அந்தாளுதா இருந்துட்டுப் போவட்டும்," என்றார். "பொண்ணு என்னுதுதான? தள்ளு."

தள்ளினார்கள். பள்ளத்திலிருந்து ஏறியதும் வண்டிக்கு வேகம் வந்தது. அவர் ஓட்டமும் நடையுமாகத் தள்ளினார், அவள் ஓடினாள். உள்ளேயிருந்து ஷெட் முனிராஜ் கிளட்சை விட்டார். வண்டி ஒருமுறை குலுங்கி, இருமி, பிடித்துக்கொண்டது. அது கையை விட்டுப் போன வேகத்தில் இருவரும் விழப் பார்த்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நின்றார்கள். சாயங்காலம் முழுக்க மைதானத்தில் நின்றதில் அந்த வெள்ளை வண்டியின் பின்புறம் செம்மண் தூசி படிந்திருந்தது. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஏறுகிறவரைக்கும் டிக்கியின் மேல் ஒரு பெரிய ஜோடிக் கையும் ஒரு சின்ன ஜோடிக் கையும் பதிந்திருந்தது தெரிந்தது.